ரத்தக் காட்டேரித் தொடரில் பாத்திரத்தையும் நடிப்பையும் எடைபோடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரத்தக் காட்டேரித் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டு, அதன் பாத்திரங்களையும் நடிப்பையும் பற்றிக் காரணத்தோடு பேச அல்லது எழுத விரும்புகிறவர்களுக்கான வழிமுறை இது. கோவையில் நாங்கள் சிலர் கூடி, ஒரு தொடரை எடுத்துக்கொண்டு பார்த்து, குறிப்பெழுதி, விவாதிக்கிறோம். திருப்பூர், பொள்ளாச்சி, கோபி பக்கமிருந்தெல்லாம் புதிதாக ஆட்கள் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் முதல் குறிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அவன் பார்வையே போதுங்ணா, மிரட்டிட்டான்." அடுத்த வரி: "அந்தப் பொண்ணு சுத்தமா நடிக்கவே இல்லீங்ணா." ஏன் என்று நோண்டிக் கேட்டால், முதல் ஆள் அழகாக இருக்கிறான், இரண்டாமவள் எடுத்த முடிவு இவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். நடிப்பைப் பற்றி அதுவரை ஒரு சொல்கூட வந்திருக்காது.

இந்த வகைத் தொடரில் மூன்று சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன: அந்த உலகத்தின் விதி, எழுதப்பட்ட பாத்திரம், அதை நடித்த ஆள். இதே வரிசையில் பிரித்தெடுக்க வேண்டும். வரிசை மாறினால், கதாசிரியர் செய்த தப்புக்கு நடிகர் திட்டு வாங்குவார். ஒப்பனைக்காரரின் உழைப்புக்கு நடிகர் கைத்தட்டல் வாங்குவார்.

கீழே சில தொடர்களின் கதைத் திருப்பங்கள் வெளிப்படும். பார்த்த பிறகு படிக்க விரும்புகிறவர்கள் தொடரின் பெயர் வரும் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

1. உட்காரும் முன் தயார் செய்ய வேண்டியவை

முதலில் திரை. காட்டேரித் தொடர்களில் பாதிக்கு மேல் இரவுக் காட்சிகள். திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் பார்த்தால், இருட்டில் நடிகரின் கண் தெரியாது. கண் தெரியாமல் நடிப்பை எடைபோட முடியாது. வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். டிவியில் மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே, எடுக்கப்படாத ஃபிரேம்களை இட்டு நிரப்பி, அசைவை வழுவழுப்பாக்கும். காட்டேரியாக நடிக்கிறவர் வேண்டுமென்றே சட்டெனத் திரும்பினால் அந்தச் 'சட்டென' என்பதே காணாமல் போகும். நன்றாக எடுத்த காட்சியும் மத்தியானச் சீரியல் மாதிரி தெரியும்.

இரண்டாவது, ஒலி. மூல மொழியிலேயே கேளுங்கள். சப்டைட்டில் எந்த மொழியில் இருந்தாலும் சரி. ஹெட்போன் இருந்தால் நல்லது. மூச்சை இழுத்துப் பேசுவதும், வார்த்தையின் கடைசியை முழுங்குவதும் டிவி ஸ்பீக்கரில் எடுபடாது.

மூன்றாவது, ஒரு நோட்டு. பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: விதி, பாத்திரம், நடிப்பு. எந்தக் குறிப்பு எழுதினாலும் ஏதாவது ஒரு கட்டத்தில்தான் விழ வேண்டும். எதில் போடுவது என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது: இதே வசனத்தை வேறொரு நடிகர் பேசியிருந்தாலும் இந்தக் குறை இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றால் அது பாத்திரக் கட்டம்.

நான்காவது, தொடரைத் தேர்ந்தெடுப்பது. எல்லோரும் நேராக த வாம்பயர் டைரீஸில் போய் விழுகிறார்கள். 2009 முதல் 2017 வரை 8 சீசன், 171 எபிசோட். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். பாதியில் குறிப்பெழுதுவதை விட்டுவிட்டு யார் யாரோடு சேர்வார்கள் என்பதில் மூழ்கிவிடுவீர்கள். 2020இல் வந்த டிராகுலா மூன்றே எபிசோட். ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். 2022இல் தொடங்கிய இன்டர்வியூ வித் த வாம்பயர் தொடரின் முதல் சீசன் 7 எபிசோட். இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள்.

தொடரைப் பார்க்கும் முன் ரசிகர்கள் வெட்டி ஒட்டிய துண்டு வீடியோக்களைப் பார்க்காதீர்கள். பாட்டோடு சேர்த்து வெட்டப்பட்ட முறைப்பு எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

2. முதலில் விதியை எழுதுங்கள்

காட்டேரி என்றதும் நமக்கு மனதில் ஒரு கணக்கு ஓடும். ஊர் எல்லைக் காட்டேரி, முனி, உச்சி வெயிலில் தனியாகப் போகாதே என்ற பாட்டியின் எச்சரிக்கை. புதியவர்கள் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய், "பேய்ன்னா பயமுறுத்தணும், இவன் எதுக்குங்ணா அழுதுட்டே இருக்கான்?" என்பார்கள். இன்னும் சிலர் ஒரு தொடரின் விதியை வைத்து இன்னொரு தொடரை அளப்பார்கள்: "வெயில்ல நடக்கறான், லாஜிக்கே இல்ல." அந்தத் தொடரில் அவன் விரலில் மந்திர மோதிரம் இருக்கிறது, அதை மூன்று எபிசோடுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

அதனால் முதல் இரண்டு மூன்று எபிசோடுகளில் விதிக் கட்டத்தை மட்டும் நிரப்புங்கள். மற்ற இரண்டும் காலியாகவே கிடக்கட்டும். ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அது நடிகரிடமிருந்து எதைப் பறிக்கிறது, எதைக் கேட்கிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் படியின் உயிரே அந்த ஒரு வரிதான்.

1997 முதல் 2003 வரை வந்த பஃபி த வாம்பயர் ஸ்லேயரில், காட்டேரிக்கு ஆன்மா கிடையாது. ஏஞ்சல் ஒருவனுக்கு மட்டும் சாபத்தால் ஆன்மா திரும்பி வந்திருக்கிறது. முழு மகிழ்ச்சியான ஒரு கணம் கிடைத்தால் அது போய்விடும். ஆக, அந்த நடிகர் சிரிப்பை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். டேவிட் போரியானஸ் முதல் சீசனில் விறைப்பாக இருக்கிறார் என்று எழுதும் முன் இந்த விதியைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டாம் சீசனில் ஆன்மா போனதும் அதே ஆள் உற்சாகமாக, கேலியாகப் பேசத் தொடங்குகிறார். முன்பு இருந்த விறைப்பில் எவ்வளவு திட்டமிட்டது, எவ்வளவு அனுபவக் குறைவு என்பதை அப்போதுதான் பிரிக்க முடியும். என் கணக்கில் இரண்டும் கலந்தே இருந்தது.

வாம்பயர் டைரீஸில் காட்டேரிகள் தங்கள் மனித உணர்ச்சியையே சுவிட்ச் போல அணைத்துவிட முடியும். அணைத்த பிறகு முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று குறை சொல்வது, ஊமையாக நடிக்கிறவர் பேசவில்லை என்று குறைபடுவதற்குச் சமம். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: அணைப்பதற்கு முன்பிருந்த ஆளின் சுவடு எங்காவது கசிகிறதா?

இன்டர்வியூ வித் த வாம்பயரில் காட்டேரிகள் பிறர் மனதைப் படிக்க முடியும். ஆனால் ஒருவனைக் காட்டேரியாக மாற்றியவனுக்கும் மாறியவனுக்கும் இடையே மட்டும் அந்த வழி அடைபட்டுவிடும். ஊரார் மனமெல்லாம் கேட்கும் இருவர், ஒரே வீட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஊகித்துக்கொண்டு வாழ்கிறார்கள். லூயியாக வரும் ஜேக்கப் ஆண்டர்சனும் லெஸ்டாட்டாக வரும் சாம் ரீடும் எதிராளியின் முகத்தை அத்தனை நேரம் உற்றுப் பார்ப்பது ஏன் என்பது இந்த விதி தெரிந்தால்தான் விளங்கும்.

2021இன் மிட்நைட் மாஸில் காட்டேரி என்ற சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை. அங்கே விதிகள் அந்த ஊர் மக்களுக்கே தெரியாது. அதையும் விதியாக எழுதிக்கொள்ளுங்கள்.

3. பாத்திரத்தை எடைபோடுவது: நடிகரை மறந்துவிட்டு

இப்போது இரண்டாவது கட்டம். முகத்தை மறந்துவிட்டு, கதையை யாரோ வாயால் சொல்லிக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இவருக்கு என்ன வேண்டும்? அதற்காக எதைச் செய்யவே மாட்டார்? அந்த எல்லையைக் கதை எப்போதாவது சோதித்ததா? சோதித்தபோது ஏதாவது இழந்தாரா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத பாத்திரங்கள் இந்த வகையில் ஏராளம். சாகாதவர்களைப் பற்றிய கதையில் இழப்பை உண்டாக்குவது எழுதுகிறவருக்குக் கஷ்டமான வேலை.

அடுத்து வயது. வாம்பயர் டைரீஸின் ஸ்டீபன் சால்வடோர் 1864இல் காட்டேரியானவன். ஆனால் பள்ளிக்கூடம் போகிறான். ட்ரூ பிளட் தொடரில் எரிக் என்ற காட்டேரிக்கு ஆயிரம் வயதுக்கு மேல். இத்தனை ஆண்டுகள் வாழ்ந்ததால் அவருக்குத் தெரிந்தது என்ன, சலித்துப்போனது என்ன, இன்னும் பழகாதது என்ன? எழுத்து இவற்றுக்கு விடை தந்திருக்கிறதா, அல்லது பழைய காலத்து உடையில் ஒரு ஃபிளாஷ்பேக் போட்டுத் தப்பித்துக்கொண்டதா? இதில் கடினமான கணக்கு க்ளாடியா. இன்டர்வியூ தொடரில் பதினான்கு வயதில் மாற்றப்பட்டவள். மனம் வளரும், உடம்பு வளராது. அவள் கோபத்தைப் 'பிடிவாதக்காரக் குழந்தை' என்று எழுதினால் பாத்திரத்தையே தவறவிட்டீர்கள். முப்பது வயதுப் பெண்ணைக் குழந்தையாக நடத்தினால் வரும் கோபம் அது.

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் குற்ற உணர்ச்சி. காட்டேரி வருந்துகிறான், மழையில் நிற்கிறான், டைரி எழுதுகிறான். உடனே "நல்ல கேரக்டர்" என்று குறித்துவிடுகிறார்கள். வருந்திய பிறகு அவன் நடந்துகொள்வதில் என்ன மாறியது என்று பாருங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அந்த வருத்தம் அவனுக்குப் போட்ட அலங்காரம்.

இன்னொரு சங்கதி: யாரைக் குறை சொல்கிறீர்கள் என்பது. தமிழ் சினிமா பார்த்துப் பழகிய நமக்கு எல்லாவற்றுக்கும் டைரக்டரே பொறுப்பு. அமெரிக்கத் தொடர்களில் எபிசோடுக்கு எபிசோட் இயக்குநர் மாறுவது வழக்கம். பாத்திரம் எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது எழுத்தாளர் குழுவும் அதன் தலைவரும். நடுவில் பாத்திரத்தைக் கட்டிக் காப்பாற்றுவது நடிகர். "டைரக்டர் சரியா வேலை வாங்கல" என்ற வரியை எழுதும் முன் அடுத்தடுத்த எபிசோடுகளின் இயக்குநர் பெயரைப் பாருங்கள்.

ஆண்டுக்கு 22 எபிசோட் ஓடிய தொடரையும் 8 எபிசோட் தொடரையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. நீண்ட தொடரில் சில வாரங்கள் பாத்திரம் சும்மா நடமாடும். அங்கே ஒவ்வொரு தடுமாற்றத்தையும் பொறுக்கி எடுக்காமல், பாத்திரம் மீள முடியாத முடிவெடுத்த இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. செத்தவர்களின் கணக்கு

சின்னப் படி, ஆனால் விடாதீர்கள். முக்கியமான காட்டேரி கொன்றவர்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். பெயர் உண்டா? சாகும் முன் ஒரு காட்சியாவது கிடைத்ததா? பிறகு யாராவது அவரை நினைத்தார்களா?

வாம்பயர் டைரீஸின் முதல் சீசனில் ஸ்டீபனின் அண்ணன் டேமன், தன் தம்பியின் நெருங்கிய தோழி லெக்சியைக் கொல்கிறான். அவளுக்குப் பெயர் உண்டு, முழு எபிசோட் உண்டு, பின்னால் நினைப்பவர்களும் உண்டு. அதனால் அந்தக் கொலை கதையில் கனக்கிறது. அதே டேமன் வழியில் முடித்துவிட்டுப் போகும் பெயரில்லாத ஆட்களுக்கு இதெல்லாம் கிடையாது. கொன்றவனைக் காதலனாக மன்னிக்கக் கதை நம்மைக் கேட்கும்போது, அந்தப் பெயரில்லாதவர்களை ஒளித்துவைத்துவிட்டுத்தான் கேட்கிறது. டேமனாக வரும் இயன் சோமர்ஹால்டர் குறும்பாகச் சிரித்து அந்த இடத்தைக் கடக்கிறார். அந்தச் சிரிப்பு நடிப்புக் கட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கலாம்; பாத்திரக் கட்டத்தில் அதே இடத்துக்குக் குறை எழுத வேண்டிவரும். ஒரே காட்சிக்கு இரண்டு கட்டத்திலும் எதிரெதிர்த் தீர்ப்பு வந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

5. சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை

இனி நடிப்பு. தொடக்கம், நடு, இறுதி என மூன்று எபிசோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எபிசோடை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம்; நடிகர்கள் அப்போதுதான் பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொன்றிலும் வசனம் நிறைந்த ஒரு காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பின்னணி இசை போனதும் பாதி மிரட்டல் காணாமல் போகும், மிஞ்சுவது நடிகருடையது. பேசுகிறவரை விடக் கேட்கிறவரைப் பாருங்கள். கேட்கிறவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்பது ஒலியில்லாமல் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் அசைவின்மை. காட்டேரி நடிப்பில் பெரிய ஆயுதம் அசையாமல் இருப்பது. ஆனால் அசையாமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், உடம்பு நிற்கிறது, கவனம் எங்கோ குவிந்திருக்கிறது; இரையைப் பார்க்கும் பல்லி மாதிரி. மற்றதில், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் அசைவு தொடங்கும் கணத்தைப் பாருங்கள். முதல் வகையில் அசைவு கண்ணில் தொடங்கும். இரண்டாவதில் தோளிலோ கையிலோ, தாமதமாகத் தொடங்கும்.

பயிற்சிக்கு வசதியான எபிசோட் ஒன்று உண்டு. பஃபியின் நான்காம் சீசனில் பத்தாவது எபிசோட், 1999 டிசம்பரில் வந்தது. ஊரார் எல்லாருடைய குரலும் திருடுபோய்விடும். எபிசோடின் பெரும்பகுதி வசனமே இல்லாமல் நடக்கும். யார் வசனத்தை நம்பி நடிக்கிறவர், யார் உடம்பால் நடிக்கிறவர் என்று அந்த ஒரே எபிசோடில் பிரித்துவிடலாம். எங்கள் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் போடுகிறோம்.

6. பல்லும் லென்ஸும் நடிகர் கணக்கில் சேராது

கோரைப்பல் மாட்டினால் உதடு சரியாக மூடாது. ஸ, ஷ ஒலிகள் கொஞ்சம் குழறும். நிற லென்ஸ் போட்டால் கண்ணின் உயிர் மங்கும். பஃபியில் காட்டேரி உருவம் எடுக்கும்போது நெற்றியில் செயற்கைத் தோல் ஒட்டுவார்கள். புருவத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பல் வெளியே இருக்கும் காட்சியை வைத்து நடிகரைப் புகழ்வதும் திட்டுவதும் இரண்டும் அவசரம். பல் வெளியே வருவதற்கு முந்தைய சில நொடிகளைப் பாருங்கள். பசி அங்கேயே முகத்துக்கு வந்துவிட்டதா, அல்லது பல்தான் வந்து சொல்ல வேண்டியிருந்ததா?

ரத்தக் கண்ணீரும் இப்படித்தான். ட்ரூ பிளட்டிலும் இன்டர்வியூவிலும் காட்டேரிகள் ரத்தமாக அழும். சிவப்புக் கோடு கன்னத்தில் இறங்கினாலே நமக்கு நெஞ்சு உருகும், அது ஒப்பனை. கோடு இறங்கும் முன் தொண்டை, தாடை என்ன செய்தன என்று எழுதுங்கள்.

7. ஒரே முகம், இரண்டு ஆள்

காட்டேரித் தொடர் நடிப்பைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நேரம் இருந்தால் இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

வாம்பயர் டைரீஸில் நீனா டோப்ரெவ் கதாநாயகி எலெனாவாகவும், அவள் முகத்தையே கொண்ட காட்டேரி கேத்தரினாகவும் நடிக்கிறார். எலெனாவுக்கு நேரான முடி, கேத்தரினுக்குச் சுருட்டை முடி. புதியவர்கள் முடியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டு, "ரெண்டையும் வேற வேற மாதிரி நடிச்சிருக்காங்க" என்று எழுதிவிடுகிறார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் போட்டு உத்தம புத்திரனை எடுத்த காலத்திலிருந்து நமக்கு இரட்டை வேடம் பழக்கம். மீசை, மரு, தலை வகிடு பார்த்தே ஆளைப் பிரிக்கும் பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது.

அதை உடைக்க, முதல் சீசனின் கடைசி எபிசோடுக்குப் போங்கள். கேத்தரின் எலெனாவாக வேஷம் போட்டு வாசலில் நிற்கிறாள். நேரான முடி, எலெனாவின் உடை. முதல் தடவை பார்ப்பவர் ஏமாற வேண்டும். இரண்டாம் தடவை பார்ப்பவருக்குத் தடயம் தெரிய வேண்டும். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு குறைவாகக் காட்டுகிறார் என்பதுதான் அளவு. பார்வை எதிராளி மேல் எத்தனை நேரம் தங்குகிறது, சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி எவ்வளவு என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. நான்காம் சீசனில் காட்டேரியாகிவிட்ட எலெனா, தன் உணர்ச்சியை அணைத்துவிடுகிறாள். இப்போது அவளும் இரக்கமில்லாதவள். ஆனால் கேத்தரின் ஆகிவிடக் கூடாது. கேத்தரினுக்குத் தன் கொடுமையில் ஒரு ருசி உண்டு. உணர்ச்சியை அணைத்த எலெனாவுக்கு எதிலும் ருசியே இல்லை. இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரிந்ததா என்று எழுதுங்கள். எனக்குச் சில எபிசோடுகளில் தெரிந்தது, சிலவற்றில் இரண்டும் கலந்துவிட்டன.

உடல் மாறும் கதைகளில் கவனிக்க வேண்டியது வேறு. பஃபியின் நான்காம் சீசனில் பஃபியும் ஃபெயித்தும் உடம்பு மாறிக்கொள்வார்கள். சாரா மிஷெல் கெல்லர், எலைசா டுஷ்குவின் பாத்திரமாக நடக்க வேண்டும். டுஷ்கு, கெல்லரின் பாத்திரமாக. இங்கே ஒப்பிட மூலம் இருக்கிறது. வாம்பயர் டைரீஸின் இரண்டாம் சீசனில் க்ளாஸ், அலாரிக்கின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறான். அப்போது க்ளாஸின் சொந்த முகத்தை, அதாவது ஜோசப் மோர்கனை, நாம் பார்த்திருக்கவே மாட்டோம். அலாரிக்காக வரும் மேட் டேவிஸ் அந்த வில்லனைத் தன் போக்கில் தொடங்கிவைக்கிறார். பின்னால் மோர்கனைப் பார்த்துப் பழகியவர்கள் திரும்பிப் போய் "இது க்ளாஸ் மாதிரியே இல்லை" என்று டேவிஸுக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். அது அநியாயம். அங்கே பார்க்க வேண்டியது, அலாரிக் காணாமல் போனானா என்பதை மட்டும்தான்.

காது பழக நம் பக்கத்திலேயே ஒரு வழி உண்டு. அண்ணன்மார் சாமி கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவரை ஓர் இரவு உட்கார்ந்து கேளுங்கள். உடை மாற்றாமல், இடம் மாறாமல், பொன்னரின் நிதானத்திலிருந்து சங்கரின் வேகத்துக்கும், அங்கிருந்து தங்காளின் அழுகைக்கும் போவார். பெயரைச் சொல்லும் முன்பே யார் பேசுவது என்று முன்வரிசைப் பாட்டிகளுக்குத் தெரிந்துவிடும். எதை வைத்துத் தெரிந்தது என்று கவனித்துவிட்டு வந்து திரும்ப டோப்ரெவைப் பாருங்கள்.

8. குரல், வட்டாரப் பேச்சு, டப்பிங்

நமக்குத் தெரியாத வழக்கை நாம் எடைபோடக் கூடாது. தமிழ்ப் படத்தில் ஒருவர் கோயமுத்தூர்க்காரராக நடித்தால், வரிக்கு வரி "ஏனுங்" போட்டு இழுப்பதை நாம் இரண்டாவது நிமிஷத்தில் பிடித்துவிடுகிறோம். மதுரைக்காரருக்கு அது நன்றாகவே கேட்கும். ட்ரூ பிளட் நடக்கும் அமெரிக்க மாநிலமான லூசியானாவின் வழக்கைக் கேட்கும்போது நாம்தான் அந்த மதுரைக்காரர்.

ட்ரூ பிளட்டில் பில்லாக வரும் ஸ்டீபன் மாயர் இங்கிலாந்துக்காரர். பேசுவது அமெரிக்கத் தென்மாநில ஆங்கிலம். பஃபியில் லண்டன் ஆங்கிலம் பேசும் ஸ்பைக்காக வரும் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் அமெரிக்கர். லெஸ்டாட் பிரெஞ்சுக்காரன், சாம் ரீட் ஆஸ்திரேலியர். "ஆக்சென்ட் பக்கா" என்று எழுத நமக்கு அதிகாரம் இல்லை. நம்மால் முடிவது இரண்டு. ஒன்று, சீராக இருக்கிறதா என்று பார்ப்பது: கோபத்தில் கத்தும்போதும், கிசுகிசுக்கும்போதும் அதே பேச்சு நிற்கிறதா? இரண்டு, மாறினால் கதைக் காரணம் உண்டா என்று பார்ப்பது.

காரணத்தோடு மாறும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 2020 டிராகுலாவில், குடிக்கும் ரத்தத்தின் வழியே அந்த ஆளின் அறிவும் மொழியும் வந்து சேரும். க்ளேஸ் பாங் முதலில் கிழவராகக் கனத்த உச்சரிப்பில் பேசுகிறார். தன் கோட்டைக்கு வந்த வக்கீலின் ரத்தம் ஏற ஏற இளமையும் திருத்தமான ஆங்கிலமும் ஏறுகின்றன. இன்டர்வியூவில் நியூ ஆர்லியன்ஸ் லூயியின் பேச்சும், 2022இல் துபாயில் உட்கார்ந்து பேட்டி கொடுக்கும் லூயியின் பேச்சும் வேறு. பழைய காட்சியிலிருந்து துபாய்க்கு வெட்டும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நூறாண்டுக் காலம் அந்தக் குரலில் என்னென்ன தேய்த்து எடுத்திருக்கிறது என்று கேட்கும்.

டப்பிங்கில்தான் பார்க்கிறீர்கள் என்றால் தப்பில்லை. ஆனால் குரலைப் பற்றிய குறிப்பு எல்லாம் டப்பிங் கலைஞருக்குச் சேர வேண்டியது. அதற்குத் தனியாக நான்காவது கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

9. மனிதர்களையும் பாருங்கள்

காட்டேரி பயங்கரமானவன் என்று நமக்குச் சொல்வது எதிரில் நிற்கும் மனிதரின் முகம். அந்த முகம் பொய்யானால் எத்தனை பல் காட்டினாலும் பிரயோசனம் இல்லை. ஆனாலும் குறிப்புகளில் மனிதப் பாத்திரங்களுக்கு ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை.

ட்ரூ பிளட்டின் லாஃபயெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்காரன், தொடங்கும்போது அமானுஷ்யம் எதுவும் ஒட்டாத சாதாரண ஆள். மூல நாவல் வரிசையில் சீக்கிரமே செத்துப்போகும் பாத்திரம். தொடரில் நெல்சன் எல்லிஸ் நடித்த லாஃபயெட் கடைசி சீசன் வரை இருக்கிறான். எழுத்தை நடிப்பு இழுத்துக்கொண்டு போன இடம் இது. இப்படிப்பட்டவற்றைக் கண்டால் இரண்டு கட்டத்துக்கும் நடுவே ஒரு அம்புக்குறி போட்டுவையுங்கள்.

10. கதை சொல்கிறவரை நம்பலாமா

இது எல்லாத் தொடருக்கும் பொருந்தாது. பொருந்தும் இடத்தில் விட்டால் மொத்தக் குறிப்பும் கோணலாகிவிடும்.

இன்டர்வியூவின் முதல் சீசனில் நாம் பார்க்கும் லெஸ்டாட், லூயி பேட்டியில் சொல்லும் லெஸ்டாட். இடையே க்ளாடியாவின் டைரியும் வரும். சாம் ரீட் இங்கே நடிப்பது, காயப்பட்டவர்களின் நினைவில் இருக்கும் ஒரு ஆளை. சில இடங்களில் அவர் மிகையாகத் தெரிந்தால் அது நினைவின் மிகையாகவும் இருக்கலாம். முதல் சீசனில் வானிலிருந்து லூயியைக் கீழே போடும் காட்சி, இரண்டாம் சீசனின் விசாரணையில் லெஸ்டாட்டின் வாய்மொழியில் திரும்ப வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்; முகபாவத்தில் எது மாறியிருக்கிறது என்று எழுதுங்கள். அதுவரை லெஸ்டாட்டின் நடிப்புக் கட்டத்தைப் பென்சிலில் வைத்திருங்கள்.

நடிகர் மாறிய பாத்திரங்களுக்கும் இது கைகொடுக்கும். க்ளாடியாவாக முதல் சீசனில் பெய்லி பாஸ், இரண்டாவதில் டிலேனி ஹேல்ஸ். "பழைய பொண்ணுதான் நல்லா இருந்துச்சு" என்ற வரி கட்டாயம் வரும். முகம் பழகிய பாசம் அது. முதல் க்ளாடியா வீட்டுக்குள் அடைபட்டவள். இரண்டாம் சீசன் க்ளாடியா போர் நடக்கும் ஐரோப்பாவில் தன் இனத்தைத் தேடி அலைகிறவள். எழுத்து கேட்டதே வேறு. இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்க, இருவருக்கும் பொதுவான ஒன்றை எடுங்கள்: லூயியிடம் கோபப்படும் காட்சிகள்.

11. எழுதி முடிப்பது

இப்போதுதான் தீர்ப்பு. பத்துக்கு எத்தனை என்று ஒரே எண்ணாகப் போடாதீர்கள்; பாத்திரத்துக்குத் தனி, நடிப்புக்குத் தனி. ஒவ்வொரு தீர்ப்புக்கும் சீசன், எபிசோட், எத்தனையாவது நிமிஷம் என்று ஒரு சான்றாவது வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பார்.

"சூப்பர்", "மொக்கை", "வேற லெவல்" ஆகியவற்றை எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் அந்த நடிகர் செய்த ஒரு காரியத்தை வினைச்சொல்லோடு எழுதுங்கள்: "பதில் சொல்லும் முன் டம்ளரைக் கீழே வைத்தார்" என்பதைப் போல. வினைச்சொல் கிடைக்கவில்லையென்றால் அங்கே சொல்ல உங்களிடம் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அந்த வரியையே எடுத்துவிடலாம்.

கூட்டமாக உட்கார்ந்து பேசுவதாக இருந்தால், எல்லோரும் விதிக் கட்டத்தை முதலில் படியுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு விதிகளை மனதில் வைத்துக்கொண்டு மோதியிருப்பார்கள். அப்புறம் பாத்திரம், கடைசியாக நடிப்பு. நடிப்பில் ஆரம்பித்தால் யாருக்கு யார் மேல் ஆசை என்பதிலேயே சாயங்காலம் போய்விடும். தனக்கு மிகவும் பிடித்த நடிகரைப் பற்றிய குறிப்பை அவரவரே படிக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்தவர் குரலில் கேட்கும்போது, ஆதாரமில்லாத வரிகளில் எழுதியவரே நெளிவார். அவற்றில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, அந்த எபிசோடை மட்டும் மறுபடி பார்த்துவிட்டு வரச் சொல்லலாம்.